ஜோன் வந்திருக்கா?

எங்கள் ஆய்வகத்தில் காலையில் யாரும் யாருக்கும் குட் மார்னிங் சொல்வதில்லை. "ஜோன் வந்திருக்கா?" என்றுதான் கேட்பார்கள். வெளியாட்களுக்கு இது புரியாது என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அகார் என்ற ஜெல்லி ஊற்றிய பிளேட் முழுக்கப் பஞ்சுக் குச்சியால் பாக்டீரியாவைத் தேய்த்து, நடுவில் நாம் தயாரித்த காயக்கட்டுப் பொருளிலிருந்து ஒரு பொட்டளவு வெட்டி வைத்து, இரவு முழுக்க 37 டிகிரியில் விட்டுவிட வேண்டும். காலையில் திறந்தால் பிளேட் முழுக்கப் பாலாடை மாதிரி பாக்டீரியா படர்ந்திருக்கும், பொட்டைச் சுற்றி மட்டும் எதுவும் முளைக்காமல் கண்ணாடி போல் ஒரு வட்டம் தெரியும். அந்த வட்டம்தான் ஜோன். அது பெரிதாக இருந்தால் அன்றைக்கு எல்லாமே நல்லபடியாகப் போகும். ஸ்கேல் வைத்து அளந்து, போனில் படம் எடுத்து, கைடுக்கு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

எனக்கு முதல் ஜோன் வந்தபோது 18 மில்லிமீட்டர். சேர்ந்து மூன்றாவது மாதம்.

நான் செய்து கொண்டிருந்தது கைட்டோசான் ஃபிலிம், அதற்குள் மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின். கைட்டோசான் என்பது இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் பொருள். வெறும் தண்ணீரில் கரையாது, லேசான அமிலம் வேண்டும், அதனால் எல்லோரும் ஒரு சதவீத அசிட்டிக் அமிலத்தில்தான் (வினிகரில் இருப்பது) கரைப்பார்கள், நானும் அப்படித்தான். ராத்திரி முழுக்கக் கலக்கினால் தேன் பதத்துக்கு வரும். ஆல்கஹாலில் கரைத்த குர்குமினை அதில் சொட்டுச் சொட்டாக விட்டு, பிளேட்டில் ஊற்றி, ஓவனில் 40 டிகிரியில் காய வைத்தால் மறுநாள் மஞ்சள் கண்ணாடித் தாள் மாதிரி உரிந்து வரும். பார்க்க அவ்வளவு அழகு. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா மேல் வைத்தேன், 18 மில்லிமீட்டர். வீட்டுக்கு அப்போதே போன் போட்டுச் சொல்லிவிட்டேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

பக்கத்து பெஞ்ச் சீனியர் அக்கா பிளேட்டை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இதுல யாருடா நடந்தது?"

புரியவில்லை. அவரே சொன்னார். ஜோன் வரவேண்டும் என்றால் ஃபிலிமிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி அகாருக்குள் ஊர்ந்து வெளியே போயிருக்க வேண்டும். கைட்டோசான் பெரிய மூலக்கூறு, அது அகாருக்குள் நகராது, தன்னைத் தொடுகிற பாக்டீரியாவை மட்டும்தான் தாக்கும். குர்குமினுக்கோ தண்ணீர் என்றாலே ஆகாது, அகார் பெரும்பாலும் தண்ணீர்தான். இரண்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழாத ஆட்கள் என்றால் அவ்வளவு தூரம் நடந்து போனது யார்?

அடுத்த நாள் ஐந்து பொட்டு வைத்தேன். குர்குமின் போட்ட ஃபிலிம், குர்குமின் போடாத வெற்று ஃபிலிம், அசிட்டிக் அமிலம் மட்டும் நனைத்த வடிதாள், ஆல்கஹால் நனைத்து உலர்த்திய வடிதாள், வெறும் வடிதாள். காலையில் பார்த்தால் வெற்று ஃபிலிமுக்கும் ஏறக்குறைய அதே ஜோன். அமிலம் நனைத்த தாளுக்கும் ஜோன். நடந்து போனது அமிலம்தான். காய்ந்துவிட்டது என்று நான் நினைத்த ஃபிலிமுக்குள் அது அசிடேட்டாகப் பிடித்து வைக்கப்பட்டிருந்தது, ஈரமான அகாரைத் தொட்டதும் இறங்கி ஓடியிருக்கிறது. மூன்று மாதம் செலவழித்து நான் கண்டுபிடித்தது என்னவென்றால், வினிகர் பாக்டீரியாவைக் கொல்லும்.

சரி, அமிலத்தை முறிக்க வேண்டும். அதற்கு ஃபிலிமை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் முக்கி, பிறகு தண்ணீரில் பலமுறை அலச வேண்டும். முக்கிய உடனே என் மஞ்சள் ஃபிலிம் ரத்தச் சிவப்பாக மாறியது. மஞ்சள்தூளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்குமே, அதே வேதியியல்தான், ஆனால் அந்த நேரத்தில் மூளைக்கு எட்டவில்லை, ஏதோ பெரிதாகக் கெடுத்துவிட்டேன் என்று பயந்துபோனேன். அலச அலச மஞ்சள் திரும்பியது, கொஞ்சம் வெளிறித்தான். காரத்தில் குர்குமின் வேகமாகச் சிதையும் என்பது பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அலசிய ஃபிலிமை வைத்தபோது ஜோன் சுத்தமாக இல்லை, பொட்டின் விளிம்பு வரை பாக்டீரியா வந்து முட்டிக்கொண்டு நின்றது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். இந்தத் துறையில் எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் பளபளக்கும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படங்களையெல்லாம் தாண்டிப் போய், மருந்து போடாத வெற்றுப் பொருளுக்கு என்ன ஆனது என்பதைத்தான் முதலில் தேடுகிறேன். அது இல்லை என்றால் எனக்கு மேலே படிக்கத் தோன்றுவதில்லை.

அப்புறம் வெள்ளிக்கு மாறினேன். கிருமிக்கொல்லிக் கட்டு என்றாலே கடைசியில் எல்லோரும் வந்து நிற்கும் இடம் அதுதான். 1965-ல் கார்ல் மோயர் என்ற அறுவை மருத்துவரும் அவர் குழுவினரும் தீக்காயங்களுக்கு 0.5 சதவீத சில்வர் நைட்ரேட் கரைசலைப் பயன்படுத்தி நல்ல பலன் கண்டதாக எழுதினார்கள். 1968-ல் சார்லஸ் ஃபாக்ஸ் சில்வர் சல்ஃபடயசின் களிம்பைக் கொண்டுவந்தார், தீக்காயப் பிரிவுகளில் இன்றும் இருக்கும் அந்த வெள்ளைக் களிம்பு அதுதான். வெள்ளி அயனி நிஜமாகவே நடக்கும் ஆள். புரதங்களில் கந்தகம் இருக்கும் இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொள்ளும், நொதிகளை முடக்கும், பாக்டீரியாவின் சவ்வையும் கெடுக்கும். ஒரே நேரத்தில் பல இடத்தில் அடிப்பதால் ஆன்டிபயாடிக்குகள் அளவுக்குச் சுலபமாக எதிர்ப்பு வராது என்பார்கள், ஆனால் வரவே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1975-லேயே ஒரு தீக்காயப் பிரிவில் சில்வர் நைட்ரேட்டுக்கு அடங்காத சால்மொனெல்லா பதிவாகியிருக்கிறது, அதற்குக் காரணமான மரபணுக்களைப் பின்னாளில் பிளாஸ்மிடில் கண்டுபிடித்தார்கள். பிளாஸ்மிட் என்றால் ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கைமாற்றிக் கொடுக்கக்கூடிய சமாச்சாரம்.

சில்வர் நைட்ரேட்டோடு வேலை செய்கிறவர்களைக் கையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். கிளவுஸில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் போதும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, மறுநாள் விரல் நுனியில் மை தொட்ட மாதிரி கறுப்பு வரும், தோல் உரிந்தால்தான் போகும். எனக்கு இரண்டு வாரம் இருந்தது.

வெள்ளி போட்ட ஃபிலிமுக்கு ஜோன் வந்தது. இந்தத் தடவை எல்லாக் கன்ட்ரோலும், அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் பொட்டுகளும், வைத்திருந்தேன், வெற்று ஃபிலிம் பேசாமல் இருந்தது, வெள்ளி மட்டும் பேசியது. நிஜ ஜோன். ஆனால் பழைய மாதிரி வீட்டுக்குப் போன் போடவில்லை, அதே ஃபிலிமை செல் கல்ச்சர் அறைக்கு எடுத்துப் போனேன்.

அங்கே நாங்கள் பயன்படுத்துவது எல்929 என்ற எலி நாரிழைச் செல்கள். உயிரோடிருக்கும்போது குடுவையின் அடியில் இருபக்கமும் கூராக நீண்டு ஒட்டிக்கொண்டிருக்கும், செத்தால் உருண்டையாகச் சுருண்டு மிதக்கும். கூடவே எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தைச் சேர்த்தால், உயிருள்ள செல் அதை ஊதா நிறப் படிகமாக மாற்றும். ஊதா எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு செல் உயிரோடு இருக்கிறது என்று கணக்கு. ஐஎஸ்ஓ 10993-5 என்ற தரநிலைப்படி, ஒப்பீட்டுக் குழுவோடு பார்த்தால் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தப் பொருளுக்கு நச்சுத்தன்மை இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். என் வெள்ளி ஃபிலிம் வைத்த குழிகளெல்லாம் மஞ்சளாகவே கிடந்தன. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உருண்டைகள்.

எதிர்பார்த்திருக்க வேண்டியதுதான். கந்தகம் உள்ள புரதம் பாக்டீரியாவிடம் மட்டுமா இருக்கிறது? வெள்ளிக்கு நம்மவன், எதிரி என்ற பேதமெல்லாம் கிடையாது. பாக்டீரியா சாகும் அளவுக்கும் நம் செல் சாகும் அளவுக்கும் நடுவே உள்ள சந்துக்குள்தான் நாம் வண்டி ஓட்ட வேண்டியிருக்கிறது, அந்தச் சந்து பல சமயம் ரொம்பக் குறுகல். மருத்துவமனைச் சோதனைகளிலும் இதன் நிழல் தெரிகிறது. 2010-ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு ஒன்று 26 சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, வெள்ளிக் கட்டுகளும் களிம்புகளும் காயத் தொற்றைத் தடுக்கின்றன என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றது. சில்வர் சல்ஃபடயசின் சில தீக்காயங்கள் ஆறுவதைத் தாமதப்படுத்துவதாகவும் அதில் இருந்தது. கிருமியைக் கொல்வதும் புண்ணை ஆற்றுவதும் ஒரே வேலை என்று நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். "புண் காய்ந்துவிட்டது" என்றால் நம் பேச்சில் குணமாகிவிட்டது என்று அர்த்தம். மொழிக்குள்ளேயே அந்த மருத்துவம் உட்கார்ந்திருக்கிறது: காற்றாட விடு, காயட்டும், பொருக்கு கட்டட்டும். 1962-ல் ஜார்ஜ் வின்டர் என்பவர் இளம் பன்றிகளின் முதுகில் ஆழமில்லாத காயங்களை உண்டாக்கி, சிலவற்றைத் திறந்து விட்டார், சிலவற்றைப் பாலித்தீன் தாளால் மூடினார். மூடி ஈரமாக இருந்த காயங்களில் புதுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் மூடியது. காரணம் எளிமையானது. தோலின் செல்கள் காயத்தின் ஓரத்திலிருந்து ஈரப் பரப்பின் மேல் ஊர்ந்துதான் வருகின்றன. மேலே காய்ந்து போயிருந்தால் அந்தப் பொருக்குக்கு அடியில் ஈரம் இருக்கும் ஆழம் வரை துளைத்துக்கொண்டு சுற்றி வர வேண்டும். அந்த ஒரு சிறிய கட்டுரைக்குப் பிறகுதான் பஞ்சும் காஸ் துணியும் தவிர வேறு கட்டுகளைப் பற்றி யோசிக்கவே ஆரம்பித்தார்கள் என்று சொன்னால் ரொம்ப மிகையில்லை. ஹைட்ரோஜெல், ஹைட்ரோகொலாய்டு, ஃபோம், கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் எல்லாம் ஈரத்தை எப்படிப் பிடித்து வைப்பது, மிச்சத்தை எப்படி உறிஞ்சுவது என்ற கேள்விக்கான பதில்கள்தான். இவற்றில் எனக்குப் பிடித்தது ஆல்ஜினேட். பஞ்சு மாதிரி உலர்ந்து இருக்கும், புண்ணில் கசியும் நீர் பட்டதும் அதிலுள்ள சோடியத்தை வாங்கிக்கொண்டு தன் கால்சியத்தைக் கொடுத்துவிட்டு ஜெல்லாக மாறிவிடும். எடுக்கும்போது புதுச் சதையைப் பிய்த்துக்கொண்டு வராது. காஸ் துணி காய்ந்து ஒட்டி அதைப் பிரித்து எடுத்த அனுபவம் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் ஈரமாக வைத்தால் கிருமிக்கும் கொண்டாட்டம்தானே? அதனால்தான் கட்டுக்குள்ளேயே கிருமிக்கொல்லி வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் இந்தப் பக்கம் ஓடி வருகிறோம். நியாயமான கேள்விதான். பதில்தான் வழுக்குகிறது.

ஏன் என்று சொல்ல ஒரு கணக்கு. "99.9 சதவீதம் கிருமிகளைக் கொல்லும்" என்ற வாசகத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது. எங்கள் பேச்சில் அது மூன்று லாக், அதாவது பத்தில் ஒன்றாக மூன்று தடவை குறைவது. பத்து லட்சம் பாக்டீரியா இருந்தால் ஆயிரம் மிச்சம். நல்ல சாப்பாடும் சூடும் கிடைத்தால் ஈ.கோலை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். பத்து தடவை இரட்டிப்பானால் ஆயிரம் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும், அதாவது மூன்று மணி நேரம் இருபது நிமிடத்தில் பழைய நிலைமை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி நடுவில் புகுந்து வேலை செய்வதால் புண்ணில் இது அப்படியே நடக்காது, இருந்தாலும் அந்த 99.9-ஐக் கேட்டு மயங்குவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்தது, எந்த நிலைமையில் கொன்றது என்ற கேள்வி. பிளாஸ்டிக் மாதிரியான பரப்புகளின் கிருமிக்கொல்லித் தன்மையைச் சோதிக்க ஐஎஸ்ஓ 22196 என்று ஒரு தரநிலை இருக்கிறது. பாக்டீரியாக் கரைசலை ஒரு துளி விட்டு, மேலே மெல்லிய தாளால் அமுக்கி மூடி, 35 டிகிரியில், 90 சதவீதத்துக்குக் குறையாத ஈரப்பதத்தில் 24 மணி நேரம் வைக்க வேண்டும். ஆய்வகங்கள் தங்களுக்குள் ஒப்பிட்டுக்கொள்ள இது நல்ல முறைதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு கதவுக் கைப்பிடியையோ கட்டில் கம்பியையோ நினைத்துப் பாருங்கள். அது வெந்நீர் அறையிலா இருக்கிறது? உலர்ந்திருக்கும், 20 சொச்சம் டிகிரியில் இருக்கும், யாரோ தும்மிய துளி சில நிமிடத்தில் காய்ந்துவிடும். அயனி வெளியே வந்து வேலை செய்ய ஈரம் வேண்டும். 24 மணி நேரம் ஊறவைத்து ஜெயித்த பூச்சு உலர்ந்த பரப்பில் அப்படியே ஜெயிக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. தாமிரம் இதில் கொஞ்சம் பரவாயில்லை, உலர்ந்த தாமிரப் பரப்பிலும் பாக்டீரியா சீக்கிரம் சாகிறது.

உடம்புக்குள் போகும் பொருளுக்குப் பிரச்சினை வேறு. சிறுநீர்க் குழாயோ செயற்கை மூட்டோ உள்ளே போன உடனேயே ரத்தத்திலும் திரவங்களிலும் உள்ள புரதம் அதன் மேல் படிந்துவிடும். நாம் மாதக்கணக்கில் பாடுபட்டுப் போட்ட பூச்சு அந்தப் புரதப் போர்வைக்கு அடியில். தொட்டால் கொல்லும் வகைப் பூச்சுகளுக்கு இன்னொரு தலைவலி, செத்த பாக்டீரியாவின் உடல்கள் அங்கேயே ஒட்டிக் கிடக்கும், அடுத்து வருகிறவை அந்தப் பிணங்களின் மேல் சௌகரியமாக உட்காரும். பரப்பை முதலில் நம் செல் பிடிக்கிறதா பாக்டீரியா பிடிக்கிறதா என்பதை 1987-ல் அந்தோனி கிரிஸ்டினா ஓட்டப் பந்தயம் என்று வர்ணித்தார். பாக்டீரியா ஜெயித்துவிட்டால் தன்னைச் சுற்றிப் பசை போல ஒன்றைச் சுரந்து உயிர்ப்படலமாக மாறிவிடும், அதற்குப் பிறகு சாதாரண அளவு ஆன்டிபயாடிக் எல்லாம் அதன் மேல் மழைத்துளி. ஆறாத புண்களிலும் இதே கதைதான். 2008-ல் வந்த ஓர் ஆய்வில் நாள்பட்ட புண்களில் 60 சதவீதத்தில் இந்தப் படலம் இருந்தது, புதுக் காயங்களில் 6 சதவீதத்தில்தான். என் பிளேட்டில் ஒரே இரவில் வளர்த்த இளம் பாக்டீரியாவுக்கும் மாதக்கணக்கில் படலம் கட்டி வாழ்கிறதற்கும் சம்பந்தமே இல்லை.

(நடுவில் ஒன்று. மருந்தே இல்லாமல் கொல்லும் பரப்புகள் பற்றிப் படித்தால் எனக்குப் புல்லரிக்கும். சிக்காடா என்ற சில்வண்டு இனத்தின் இறக்கையில் நானோமீட்டர் அளவில் ஊசித் தூண்கள் இருக்கின்றன. அதன் மேல் உட்காரும் சூடோமோனாஸ் பாக்டீரியாவின் சவ்வு இழுபட்டுக் கிழிந்து செத்துவிடுகிறது என்று 2012-ல் காட்டினார்கள். இறக்கையைத் தங்கத்தால் பூசி அதன் வேதியியலையே மறைத்த பிறகும் அது கொன்றது. அதுதான் உண்மையான கன்ட்ரோல். சூடோமோனாஸை வளர்த்தவர்களுக்குத் தெரியும், பிளேட் பச்சையாகிவிடும், திறந்தால் பழுத்த திராட்சை வாசனை வரும், இவ்வளவு மோசமான கிருமிக்கு இவ்வளவு நல்ல வாசனையா என்று தோன்றும். அதற்காக மோந்து பார்க்காதீர்கள், தானாக வரும்.)

சரி, என் ஃபிலிமுக்கு வருகிறேன். வெள்ளியின் அளவைக் குறைத்துக்கொண்டே போனேன். ஒரு கட்டத்தில் செல்கள் உயிரோடிருந்தன, பாக்டீரியாவும் ஓரளவு செத்தது. சந்து கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அக்கா மறுபடி ஒரு கேள்வி கேட்டார், "சீரம் போட்டுப் பார்த்தியா?" சீரம் என்பது ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி. புண்ணிலிருந்து கசிவது தண்ணீர் இல்லை, புரதமும் உப்பும் நிறைந்த திரவம். வெள்ளி அயனி குளோரைடைப் பார்த்தால் வெள்ளையாகப் படிந்துவிடும், புரதத்தைப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும், பாக்டீரியாவிடம் போய்ச் சேர மிச்சம் கொஞ்சம்தான். சில வெள்ளிக் கட்டுகளை உப்புநீரில் நனைக்காதே, சுத்தத் தண்ணீரில் நனை என்று உறையில் போட்டிருப்பதன் காரணம் இதுதான். சீரம் கலந்து செய்தேன். கொல்லும் திறன் பாதியாகக்கூட இல்லை, கிட்டத்தட்டக் காணாமலே போய்விட்டது.

சொந்தக்காரர்கள் என் வேலையைப் பற்றிக் கேட்டுவிட்டு அடுத்ததாகக் கேட்பது, "அப்போ சின்னக் காயத்துக்கு வெள்ளிப் பிளாஸ்திரி வாங்கலாமா?" என்பது. என் பதில் எப்போதும் ஒன்றுதான். சுத்தமான சின்னக் காயத்துக்கு நல்ல தண்ணீரில் கழுவி, பெட்ரோலியம் ஜெல்லி தடவி, மூடி வையுங்கள், கிருமிக்கொல்லி எதுவும் அவசியமில்லை. சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, சீழ், காய்ச்சல் வந்தாலோ, சர்க்கரை நோயாளிக்குக் காலில் புண் என்றாலோ என்னைக் கேட்காமல் டாக்டரிடம் போங்கள். இவ்வளவு படித்துவிட்டு இதைத்தான் சொல்கிறாயா என்று முகம் சுருங்கும்.

இப்போது ஃபிலிமை இரண்டு அடுக்காகச் செய்து பார்க்கிறேன். புண்ணைத் தொடும் அடுக்கில் வெள்ளி கிடையாது, ஆல்ஜினேட் மட்டும். கசியும் நீர் அதைத் தாண்டி மேலே போனால்தான் வெள்ளியைச் சந்திக்கும். வேலை செய்யுமா என்று பார்க்க ஜோன் சோதனை உதவாது, சீரத்தில் ஊறவைத்து, நீர்த்துப் போகச் செய்து, பிளேட்டில் பரப்பி, முளைக்கும் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். மூன்று மாதிரி, ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி, நான்கு நீர்த்தல், மொத்தம் 36 பிளேட். வெற்று ஃபிலிமும் அதில் ஒன்று. சாயங்காலம் இன்குபேட்டரில் அடுக்கிவிட்டு வந்திருக்கிறேன், நாளைக் காலையில் போய் எண்ண வேண்டும்.